வீட்டுக்கு ஓர் அட்வென்ட் வளையம்: எதை வாங்குவது, எப்படி ஏற்றுவது, எங்கே தவறுகிறது

கர்த்தருக்குக் காத்திருப்பதைப் பற்றி நம் சபைகளில் பிரசங்கத்துக்குக் குறைவில்லை. கர்த்தருக்குக் காத்திருக்கிறவர்கள் கழுகுகளைப்போல எழும்புவார்கள் என்ற ஏசாயா 40:31 எத்தனையோ வீடுகளின் சுவரில் கழுகுப் படத்தோடு தொங்குகிறது. ஆனால் காத்திருக்கப் பழக்கும் பொருள் ஏதாவது உண்டா என்று யாராவது கேட்டால் கைகாட்ட அதிகம் இல்லை. அந்தக் குறையை ஓரளவு தீர்ப்பது அட்வென்ட் வளையம். பச்சைத் தழை சுற்றிய ஒரு வட்டம், அதில் நான்கு மெழுகுவர்த்திகள். கிறிஸ்துமஸுக்கு முந்தைய நான்கு ஞாயிறுகளில் வாரத்துக்கு ஒன்றாகக் கூட்டி ஏற்றுவார்கள். கத்தோலிக்க ஆலயங்களில் அட்வென்ட் எனப்படும் திருவருகைக் காலம் தொடங்கியதும் பீடத்தருகே இதைப் பார்க்கலாம். சி.எஸ்.ஐ., லுத்தரன் ஆலயங்கள் பலவற்றிலும் உண்டு. வீட்டுக் குடும்ப ஜெபத்துக்கும் ஒன்று வேண்டும் என்று நினைப்பவர்களுக்காக, கடைகளிலும் இணையத்திலும் கிடைக்கும் வகைகளை இங்கே எடைபோட்டிருக்கிறேன்.

என் அளவுகோல் ஒன்றுதான். நான்காவது மெழுகுவர்த்தி மூன்று வாரம் ஏற்றப்படாமல் கண்முன் நிற்கிறதா? தீப்பெட்டி கையில் இருக்கிறது, திரியும் தயாராக இருக்கிறது, ஆனாலும் இன்று அதை ஏற்றுவதில்லை. வளையம் செய்யும் வேலை முழுவதும் அதற்குள் இருக்கிறது. அழகும் விலையும் பிறகுதான்.

இது எங்கிருந்து வந்தது

வேதாகமத்தில் இப்படியொரு வளையம் கிடையாது. பழங்காலத் திருச்சபையிலும் கிடையாது. ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் யோகான் ஹின்ரிக் விக்கெர்ன் என்ற லுத்தரன் இறையியலாளர், ஆதரவற்ற பிள்ளைகளுக்காக 1833இல் 'ரௌஹெஸ் ஹவுஸ்' என்ற இல்லத்தைத் தொடங்கினார். கிறிஸ்துமஸுக்கு இன்னும் எத்தனை நாள் என்று பிள்ளைகள் ஓயாமல் கேட்டதால், 1839இல் ஒரு பழைய வண்டிச்சக்கரத்தில் மெழுகுவர்த்திகளைப் பொருத்தி அவர் தொங்கவிட்டார் என்று சொல்வார்கள். ஞாயிறுகளுக்குப் பெரிய வெள்ளை மெழுகுவர்த்தி நான்கு, மற்ற நாட்களுக்குச் சிறிய சிவப்பு. அந்த வருடம் முதல் அட்வென்ட் ஞாயிறு டிசம்பர் 1ஆம் தேதியே வந்தது. ஆகவே 24ஆம் தேதி வரைக்கும் 4 பெரியவை, 20 சிறியவை. தழை சுற்றும் வழக்கம் பிறகு சேர்ந்தது. இருபதாம் நூற்றாண்டில் கத்தோலிக்க ஆலயங்களும் இதை ஏற்றுக்கொண்டன.

ஹாம்பர்க்கில் டிசம்பர் மாதம் மாலை நான்கு மணிக்கே சூரியன் மறைந்துவிடும். வெளியே இருட்டு கூடக்கூட உள்ளே வெளிச்சம் கூடும் அமைப்பு அது. நம் ஊரில் ஆறு மணி வரை வெளிச்சம் இருக்கும். அதனால் இங்கே ஏழு மணிக்குப் பிறகு, டியூப் லைட்டை அணைத்துவிட்டு ஏற்றினால்தான் அந்த அமைப்பு வேலை செய்கிறது. விளக்குகள் எரியும் வரவேற்பறையில் ஏற்றினால் அது வெறும் அலங்காரம்.

விக்கெர்ன் செய்ததுபோல நாளுக்கொன்று வைக்க விரும்பினால், சிறிய மெழுகுவர்த்திகளின் எண்ணிக்கை வருடத்துக்கு வருடம் மாறும். முதல் ஞாயிறு நவம்பர் 27க்கும் டிசம்பர் 3க்கும் இடையில் வருவதால், குறைந்தது 18, அதிகம் போனால் 24. இதனால்தான் வீடுகளில் நான்கு மட்டும் நிலைத்தது. நிறத்தைப் பொறுத்தவரை கத்தோலிக்க வழக்கில் மூன்று ஊதா, மூன்றாவது வாரத்துக்கு ஒரு ரோஜா நிறம். ஜெர்மன் வீடுகளில் நான்கும் சிவப்பாக இருப்பது சாதாரணம். நடுவில் ஐந்தாவதாக ஒரு வெள்ளை மெழுகுவர்த்தியை வைத்துக் கிறிஸ்து பிறப்பன்று ஏற்றுவதும் உண்டு. நிறத்துக்காக அலைய வேண்டாம். நான்கும் வெள்ளையாக இருந்தாலும் போதும்.

தடித்த மெழுகுவர்த்தி செட்: பார்க்க அழகு, வேலைக்கு ஆகாது

இணையத்தில் 'அட்வென்ட்' என்று தேடினால் முதலில் கண்ணில் படுவது 7 செ.மீ. குறுக்களவுள்ள தடித்த மெழுகுவர்த்திகள் நான்கு கொண்ட செட். புகைப்படத்தில் இதை மிஞ்ச எதுவும் இல்லை. குடும்ப ஜெபத்துக்கு நான் இதைச் சிபாரிசு செய்யமாட்டேன். தடித்த மெழுகுவர்த்தியை ஏற்றினால், மேல்பரப்பு முழுவதும் உருகி விளிம்பைத் தொடும்வரை எரியவிட வேண்டும். சுமாராக, குறுக்களவில் ஒவ்வோர் அங்குலத்துக்கும் ஒரு மணி நேரம். 7 செ.மீ. என்றால் ஏறக்குறைய மூன்று மணி நேரம். நம் ஜெபமோ கால் மணி. கால் மணியில் அணைத்து அணைத்து ஏற்றினால் திரியைச் சுற்றி மட்டும் உருகி நடுவில் குழி விழும். ஒரு வாரத்தில் சுடர் குழிக்குள் இறங்கிவிடும், இரண்டாவது வாரத்தில் திரி உருகிய மெழுகிலேயே மூழ்கி அணைந்துபோகும். கத்தியால் விளிம்பைச் சீவிச் சரிசெய்யலாம். ஆனால் நான்கு வாரமும் இதே வேலையாகிவிடும்.

ஒல்லியான நீள மெழுகுவர்த்தி: இதைத்தான் வாங்க வேண்டும்

2 முதல் 2.2 செ.மீ. குறுக்களவுள்ள நீள மெழுகுவர்த்திக்கு இந்தத் தொல்லை இல்லை. ஏற்றிய சில நிமிடங்களிலேயே சீராக எரியத் தொடங்கும், எப்போது வேண்டுமானாலும் அணைக்கலாம். காற்றில்லாத இடத்தில் மணிக்கு ஏறத்தாழ 2.5 செ.மீ. குறையும். இந்தக் கணக்கை வைத்து நீளத்தைத் தேர்ந்தெடுங்கள். 2026இல் முதல் ஞாயிறு நவம்பர் 29. அன்றிலிருந்து டிசம்பர் 24 வரை 26 மாலைகள். தினம் 15 நிமிடம் என்றால் முதல் மெழுகுவர்த்தி 6.5 மணி நேரம் எரிந்து 16 செ.மீ. அளவு குறையும். இரண்டாவது 12 செ.மீ., மூன்றாவது 7.5 செ.மீ., நான்காவது 3 செ.மீ. அளவு. முதல் மெழுகுவர்த்தியின் 16 செ.மீ.யோடு, வளையத்தின் குழிக்குள் இறங்கும் 3 செ.மீ., கடைசியில் தழைக்கு மேலே மிச்சம் நிற்கவேண்டிய 5 செ.மீ. இரண்டையும் கூட்டினால் 24 வருகிறது. ஆக 25 செ.மீ.க்குக் குறைந்து வாங்காதீர்கள். கரண்ட் போனால் ஏற்றும் சாதாரண மெழுகுவர்த்தி கடைசி வாரம் வரை தாங்காது.

உயரம் சமமாக இருக்கட்டும் என்று சிலர் நடுவில் மெழுகுவர்த்திகளை இடம் மாற்றி ஏற்றுகிறார்கள். அப்படிச் செய்யாதீர்கள். கடைசி வாரத்தில் நான்கும் படிக்கட்டுப்போல நிற்பது இந்த வளையத்தின் சிறப்பு. எந்த வாரத்திலிருந்து காத்திருக்கிறோம் என்பதைச் சிறு பிள்ளைகூட விரலால் தொட்டுச் சொல்லிவிடும்.

தேன்மெழுகு கிடைத்தால் நல்லது. அது 62 முதல் 64 டிகிரியில்தான் உருகும், நம் வெயிலில் சீக்கிரம் வளையாது, எரிவதும் மெதுவாக. விலைதான் அதிகம். பாரஃபின் போதும், ஆனால் அடுத்த வருடத்துக்கென்று பரணில் போட்டுவைத்தால் சித்திரை வெயிலில் வளைந்துவிடும். செய்தித்தாளில் சுற்றி, படுக்கைவசத்தில், வீட்டின் குளிர்ந்த அறையில் வையுங்கள். ஜிகினா ஒட்டியவற்றைத் தவிர்த்துவிடுங்கள். ஜிகினா உருகிய மெழுகில் விழுந்து திரியோடு சேர்ந்தால் சுடர் புகையும்.

ஒரு பக்கமாக வழிகிறது என்பதுதான் எல்லோரும் சொல்லும் குறை. பெரும்பாலும் காரணம் மின்விசிறி. மழைக்காலம் என்பதால் பதினைந்து நிமிடம் விசிறியை நிறுத்துவது கஷ்டமில்லை. அப்படியும் வழிந்தால் திரி நீளமாக இருக்கிறது என்று பொருள். ஒவ்வொரு முறையும் ஏற்றுமுன் 6 மி.மீ. அளவுக்கு நறுக்குங்கள்.

வளையமும் தழையும்

உலோக வளையம் வாங்குவதானால் மூன்றைப் பாருங்கள். குறுக்களவு 30 முதல் 35 செ.மீ. இருக்க வேண்டும், அதற்குக் குறைந்தால் மெழுகுவர்த்திகள் நெருங்கி ஒன்றின் சூடு மற்றதை வளைக்கும். இரண்டு சுடர்களுக்கு நடுவே 10 செ.மீ.யாவது இடைவெளி வேண்டும். குழியின் ஆழம் குறைந்தது 2.5 செ.மீ. ஆழமில்லாத குழியில் மெழுகுவர்த்தி ஆடும், சாயும். குழி சற்றுப் பெரிதாக இருந்தால் மெழுகுவர்த்தியின் அடியில் அலுமினியத் தாளைச் சுற்றி இறுக்கலாம். சிறிதாக இருந்தால் அடிப்பாகத்தை வெந்நீரில் அரை நிமிடம் வைத்து அழுத்தினால் இறங்கிவிடும். மரவளையம் என்றால் குழிக்குள் உலோகக் கிண்ணம் பதித்திருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் கடைசி வாரத்தில் மரம் கருகும்.

தழை விஷயத்தில்தான் ஆபத்து. ஐரோப்பாவில் ஃபிர் மரக்கிளை சுற்றுவார்கள். நம் சமவெளியில் கிறிஸ்துமஸ் மரத்துக்கும் சவுக்குதான், வளையத்துக்கும் சவுக்குதான். வெட்டிய சவுக்கு சில நாட்களில் காய்ந்துவிடும். காய்ந்தால் பொறி பட்டாலே குப்பென்று பற்றும். சனிக்கிழமைதோறும் பழசை எடுத்துவிட்டுப் புதுசு வையுங்கள். மாவிலையும் குரோட்டன்ஸும் இதைவிடப் பாதுகாப்பானவை, அதிக நாள் தாங்கும். பிளாஸ்டிக் தழை வாடாது, ஆனால் உருகும். எந்தத் தழையானாலும் சுடருக்கும் அதற்கும் 5 செ.மீ. இடைவெளி குறைந்துவிட்டால் அந்த மெழுகுவர்த்தியை மாற்றிவிடுங்கள். பூக்கடைக்காரர்கள் பயன்படுத்தும் பச்சை நுரைக்கட்டியில் தழை குத்துவதானால், அதைத் தண்ணீரில் மிதக்கவிட்டுத் தானாக மூழ்கவிடுங்கள். கையால் அமுக்கினால் உள்ளே காற்று தங்கி, நடுப்பகுதி நனையாமலே இருக்கும்.

இவ்வளவுக்கும் ஆளில்லாத வீட்டுக்கு என் முதல் சிபாரிசு ஓர் அகலமான மண்தட்டு. 30 செ.மீ. அகலம், 5 செ.மீ. ஆழத்துக்கு மணல். ஐந்தரை கிலோ அளவு பிடிக்கும், அதனால் குழந்தை இடித்தாலும் கவிழாது. மணலைக் கொஞ்சம் நனைத்துவைத்தால் குத்திய தழையும் பசுமையாக நிற்கும், பொறி விழுந்தாலும் அணையும். மெழுகுவர்த்தியை 3 செ.மீ.க்கு மேல் இறக்கி, சுற்றிலும் மணலை அழுத்திவிடுங்கள். கடையில் வாங்கும் எந்த வளையத்துக்கும் இது இளைத்ததல்ல, செலவும் சொற்பம்.

பேட்டரி மெழுகுவர்த்தியும் அட்வென்ட் காலண்டரும்

வீட்டில் ஆக்ஸிஜன் வைத்திருக்கும் நோயாளி இருந்தால் திறந்த சுடர் கூடவே கூடாது. விடுதி அறை, மருத்துவமனை அறைக்கும் அப்படியே. அங்கெல்லாம் எல்.இ.டி. மெழுகுவர்த்திதான். ஒவ்வொன்றுக்கும் தனித்தனி சுவிட்ச் உள்ளதை வாங்குங்கள். ஒரே சுவிட்சில் நான்கும் எரியும் வளையங்களும் விற்கிறார்கள். அது என் அளவுகோலில் தேறாது. முதல் நாளே எல்லாம் எரிந்துவிட்டால் காத்திருக்க அங்கே என்ன இருக்கிறது? ரிமோட்டில் இயங்குவதைப் பிள்ளைகள் கையில் கொடுத்தாலும் இதே கதிதான்.

24 கதவுகள் கொண்ட அட்வென்ட் காலண்டரை வளையத்துக்குப் பதிலாக வாங்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு. பிள்ளைகளுக்கு மகிழ்ச்சிதான். ஆனால் அது தினமும் ஒன்றைக் கொடுத்துவிடுகிறது, கதவுக்குப் பின்னால் சாக்லேட் இருந்தால் இன்னும் உறுதியாக. அதோடு அச்சிட்டவை பெரும்பாலும் டிசம்பர் 1இல்தான் தொடங்கும், பல வருடங்களில் அட்வென்ட் ஞாயிறோடு ஒத்துப்போகாது. வளையம் எதையும் கொடுப்பதில்லை.

பதினைந்து நிமிடத்தை எப்படிச் செலவிடுவது

விசிறியையும் விளக்கையும் அணையுங்கள். கைப்பேசிகள் அடுத்த அறையில். இருட்டில் ஒரு நிமிடம் சும்மா உட்காருங்கள். சுடரைவிட இந்த ஒரு நிமிட இருட்டு முக்கியம், அவசரத்தில் முதலில் விட்டுப்போவதும் இதுதான். பிறகு வீட்டில் இளையவர் ஒருவர் அந்த வாரத்துக்குரிய எண்ணிக்கையில் ஏற்றட்டும். எப்போதும் முதல் வார மெழுகுவர்த்தியிலிருந்தே வரிசையாக. சங்கீதம் 130ஐ எல்லோரும் சேர்ந்து மெதுவாக வாசியுங்கள். எட்டே வசனம்தான், இரண்டு வாரத்தில் பிள்ளைகளுக்கு மனப்பாடமாகிவிடும். விடியலுக்குக் காத்திருக்கும் ஜாமக்காரர் அதில் வருகிறார்கள். விடியும் என்பதில் அவர்களுக்குச் சந்தேகமில்லை. ஆனால் ஒரு நிமிடம் முன்னதாக விடியவைக்கவும் அவர்களால் முடியாது.

அடுத்து அந்த வார வேதபகுதி. அதன்பின் மௌனம்: சிறு பிள்ளைகள் இருந்தால் ஒரு நிமிடம், பெரியவர்கள் மட்டும் என்றால் மூன்று முதல் ஐந்து. இந்த இடம்தான் அநேகருக்குக் கஷ்டம். நம் குடும்ப ஜெபத்தில் பாட்டு உண்டு, வாசிப்பு உண்டு, ஜெபம் உண்டு, சும்மா இருப்பது கிடையாது. அரை நிமிடத்திலேயே யாராவது ஸ்தோத்திரம் சொல்லத் தொடங்குவார்கள், அல்லது ஒரு பாட்டை எடுத்துவிடுவார்கள். முன்கூட்டியே எல்லோரிடமும் சொல்லிவையுங்கள். மனம் அலைந்தால் 130:5இன் 'கர்த்தருக்குக் காத்திருக்கிறேன்' என்ற ஒரு வரிக்குத் திரும்பினால் போதும். முடிவில் ஒருவர் மட்டும் சுருக்கமாக ஜெபித்து, கர்த்தருடைய ஜெபத்தோடு முடியுங்கள். ஊதி அணைக்காதீர்கள், மெழுகு தெறிக்கும், அறை புகையும். கரண்டிக் காம்பால் திரியை உருகிய மெழுகில் ஒரு கணம் அமிழ்த்தி நிமிர்த்திவிட்டால் புகையே வராது, மறுநாள் சீக்கிரம் பற்றவும் செய்யும்.

நான்கு வாரமும் எதை வாசிப்பது

கடைச் செட்டுகளோடு வரும் அட்டைகளில் நம்பிக்கை, சமாதானம், சந்தோஷம், அன்பு என்று நான்கு தலைப்புகள் இருக்கும். தவறில்லை. ஆனால் பொறுமையோடு காத்திருக்கக் கற்பதுதான் நோக்கம் என்றால், காத்திருந்தவர்களையே வாசிப்பது நல்லது.

முதல் வாரம் ஆபிரகாம். வாக்குத்தத்தம் பெற்றுப் புறப்பட்டபோது வயது 75 (ஆதியாகமம் 12:4), ஈசாக்கு பிறந்தபோது 100 (21:5). இடையில் 25 வருடம். கானானில் பத்து வருடம் ஆனபின்புதான் பிள்ளைக்காக அடிமைப்பெண் ஆகாரைக் கொண்டுவந்து ஆபிரகாமும் சாராளும் தாங்களாகவே ஒரு வழி செய்துகொண்டார்கள் (16:3). பத்து வருடம் பொறுத்தவர்களும் பதினொன்றாவது வருடத்தில் அவசரப்படலாம் என்பதை இந்த வாரத்தில் நிதானமாகப் பேசுங்கள்.

இரண்டாவது வாரம், பதிலுக்காகக் காவல்நின்று காத்திருந்த தீர்க்கதரிசி ஆபகூக்கின் முதல் இரண்டு அதிகாரங்கள், கூடவே 1 சாமுவேல் 13. இந்த சவுலின் பகுதியை அட்வென்ட் காலத்தில் யாரும் வாசிப்பதில்லை, வாசிக்க வேண்டும் என்பது என் அழுத்தமான கருத்து. தான் வந்து பலியிடும்வரை காத்திரு என்று தீர்க்கதரிசி சாமுவேல் குறித்த காலப்படி, சவுல் ராஜா ஏழு நாள் காத்திருந்தான். பெலிஸ்தர் மிக்மாசில் பாளயமிறங்கியிருக்கிறார்கள், ஜனங்கள் சிதறிப்போகிறார்கள். ஏழாம் நாளும் சாமுவேல் வராததால் சவுல் தானே சர்வாங்க தகனபலியைச் செலுத்துகிறான். செலுத்தி முடிக்கும்போதே சாமுவேல் வந்துவிடுகிறார். சவுலின் அவசரம் எந்த உருவத்தில் வந்தது என்று பாருங்கள். அவன் தேவனை விட்டு ஓடவில்லை, விக்கிரகத்திடம் போகவில்லை. ஆராதனையில் இறங்கினான், தேவனைத் தேடவில்லையே என்று காரணமும் சொன்னான். நம்முடைய பொறுமையின்மையும் பலநேரம் பக்தியின் உடையில்தான் வருகிறது. பதில் வராத பயத்தில் உபவாசத்தை நீட்டுகிறோம், யாரிடமாவது தீர்க்கதரிசன வார்த்தை கிடைக்குமா என்று அலைகிறோம், கர்த்தர் சொல்லாத தேதியை அவர்மேல் ஏற்றிவைக்கிறோம்.

மூன்றாவது வாரம் ரோஜா நிற மெழுகுவர்த்தி, மகிழ்ச்சியின் வாரம். யாக்கோபு 5:7-11இல் முன்மாரிக்கும் பின்மாரிக்கும் காத்திருக்கும் பயிரிடுகிறவனையும், மத்தேயு 11:2-6ஐயும் சேர்த்து வாசியுங்கள். சபைகளின் மூன்று வருட வாசகச் சுழற்சியில் முதல் வருடத்துக்கு இந்த இரண்டும் இதே ஞாயிறுக்கு வருகின்றன. காவலில் கிடக்கும் யோவான் ஸ்நானன் ஆள் அனுப்பிக் கேட்கிறான்: 'வருகிறவர் நீர்தானா, அல்லது வேறொருவர் வரக் காத்திருக்கவேண்டுமா?' யோர்தானில் இயேசுவுக்கு ஞானஸ்நானம் கொடுத்தவன் கேட்கும் கேள்வி இது. இயேசு கோபிக்கவில்லை. குருடர் பார்வையடைகிறார்கள், சப்பாணிகள் நடக்கிறார்கள், குஷ்டரோகிகள் சுத்தமாகிறார்கள், மரித்தோர் எழுந்திருக்கிறார்கள் என்று ஏசாயாவை நினைவூட்டும் மொழியில் பதில் அனுப்புகிறார். ஏசாயா 61:1இல் கட்டுண்டவர்களுக்குக் கட்டவிழ்த்தலும் இருக்கிறது. அது இந்தப் பதிலில் இல்லை. சிறையிலிருந்தவனுக்கு அது கேட்டிருக்கும். யோவான் விடுதலையாகவில்லை, மூன்று அதிகாரம் தள்ளி அவன் தலை வெட்டப்படுகிறது. இயேசு அவனுக்குக் கொடுத்தது, தம்மிடத்தில் இடறலடையாதிருக்கிறவன் பாக்கியவான் என்ற ஒரு வார்த்தை. நோயோ கடனோ குழந்தையின்மையோ அழுத்தும் வீட்டில் மகிழ்ச்சியின் வாரத்தை நேர்மையாகக் கொண்டாட இந்தப் பகுதியைவிட நல்லது எனக்குத் தெரியவில்லை. மற்றவர்களுக்குக் கிடைத்ததைக் கேட்டு, தனக்குக் கிடைக்காமலேயே அவரை நம்புவது எப்படி என்று வீட்டிலுள்ளவர்கள் பேசட்டும். அவசரமாக ஆறுதல் சொல்லி மூடிவிடாதீர்கள்.

நான்காவது வாரம் லூக்கா முதல் இரண்டு அதிகாரங்கள். சகரியா, எலிசபெத்து, மரியாள், சிமியோன், அன்னாள். அன்னாள் ஏழு வருடமே கணவனோடு வாழ்ந்தவள், லூக்கா அவளைக் காட்டும்போது எண்பத்துநாலு வயது விதவை என்று நம் மொழிபெயர்ப்பு சொல்கிறது. இஸ்ரவேலின் ஆறுதல் வரக் காத்திருந்த சிமியோனின் கையில் கிடைத்ததோ நாற்பது நாள் குழந்தை. சிலுவையையும் உயிர்த்தெழுதலையும் அவர் பார்க்கவில்லை. அந்தக் குழந்தையை ஏந்திக்கொண்டே, இனிச் சமாதானத்தோடே போகலாம் என்கிறார்.

எங்கே தவறுகிறது

முதல் தவறு, வளையத்தை நேர்ச்சையாக மாற்றிவிடுவது. நான்கு வாரம் தவறாமல் ஏற்றினால் கிறிஸ்துமஸுக்குள் வேலை கிடைக்கும், வரன் அமையும் என்று மனம் தானாகவே கணக்குப்போடத் தொடங்கும். 25ஆம் தேதி பதில் வராவிட்டால் விசுவாசம் தளரும். இதைத் தடுக்க ஒரு வழி: முதல் ஞாயிறன்று, காத்திருக்கும் காரியத்தை ஒவ்வொருவரும் ஒரு துண்டுத்தாளில் எழுதித் தட்டின் அடியில் வைக்கலாம். தேதி மட்டும் எழுதக்கூடாது. கிறிஸ்துமஸ் முடிந்ததும் தாளைக் கிழித்துப்போடாமல் வேதாகமத்துக்குள் வைத்துத் தொடர்ந்து ஜெபியுங்கள். முதல் அட்வென்ட் ஞாயிறின் சுவிசேஷ வாசகம் மூன்று வருடச் சுழற்சியிலும் கிறிஸ்துவின் இரண்டாம் வருகையைப் பற்றியதுதான். ஆகவே இந்தக் காலம் கற்றுத்தரும் காத்திருப்பு டிசம்பர் 25இல் முடிவதில்லை என்பதைப் பிள்ளைகளுக்கு முதல் நாளே சொல்லிவிடலாம்.

விட்டுப்போன நாட்களுக்காக வருந்துவது இன்னொன்று. கேரல் ரவுண்ட்ஸ், அரையாண்டுத் தேர்வு, மழை, விருந்தாளி என்று டிசம்பரில் நாட்கள் விட்டுப்போகும். ஈடுகட்ட நீண்ட நேரம் எரியவிடவோ முன்கூட்டி ஏற்றவோ வேண்டாம். அன்று எந்த வாரமோ அந்த எண்ணிக்கையில் ஏற்றித் தொடருங்கள்.

காத்திருப்பது என்றால் கைகட்டி உட்காருவது என்று எண்ணுவதும் நடக்கிறது. யாக்கோபின் பயிரிடுகிறவன் மழைக்குக் காத்திருக்கிறான், ஆனால் உழுது விதைத்துவிட்டுத்தான் காத்திருக்கிறான். மருத்துவரைப் பார்க்கவேண்டியவர் பார்க்கட்டும், விண்ணப்பம் போடவேண்டியவர் போடட்டும். புலம்ப வேண்டியவர் புலம்பவும் செய்யலாம். சங்கீதம் 13 'எதுவரைக்கும்' என்று அடுத்தடுத்துக் கேட்கிறது. அதுவும் ஜெபம்தான்.

வேதாகமத்தில் இல்லாத சடங்கு இது என்று மறுக்கும் சபைகள் உண்டு. கட்டளை இல்லை என்பது உண்மை, கட்டாயமும் இல்லை. நாட்களை விசேஷித்துக்கொள்வதும் கொள்ளாததும் பற்றி ரோமர் 14:5-6 சொல்வதே போதும். வீட்டில் ஒருவர் மனச்சாட்சி இடம்கொடுக்காவிட்டால் வளையத்தை வைத்துச் சண்டை வேண்டாம். சங்கீதமும் மௌனமும் வாசிப்பும் மெழுகுவர்த்தி இல்லாமலும் நடக்கும்.

யார் எதை வாங்கலாம்

சிறு பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு மண்தட்டும் மணலும். பிள்ளைகள் வளர்ந்த வீட்டுக்கு, வருடாவருடம் எடுத்துவைக்க இடமிருந்தால், ஆழமான குழிகளுள்ள பித்தளை அல்லது இரும்பு வளையம். இரும்பென்றால் பட்டறையில் சொல்லியும் செய்துகொள்ளலாம், குழியின் அளவுக்கு ஒரு மெழுகுவர்த்தியைக் கையோடு கொண்டுபோங்கள். விடுதியில் இருப்பவருக்கும் நோயாளிக்கும் தனித்தனி சுவிட்ச் உள்ள எல்.இ.டி. மெழுகுவர்த்தி. எதுவானாலும் நவம்பர் முதல் வாரத்திலேயே வாங்கிவிடுவது நல்லது. டிசம்பர் பிறந்தால் கடைகளில் ஸ்டாரும் குடில் பொம்மைகளும் முன்னால் வந்துவிடும், 25 செ.மீ. மெழுகுவர்த்தி தேடினாலும் சிக்காது. ஐந்தாறாக வாங்குங்கள், ஒன்று உடையும்.

முதல் ஞாயிறு 2027இல் நவம்பர் 28, 2028இல் டிசம்பர் 3. அந்த 2028இல் நான்காவது ஞாயிறும் கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாளும் ஒன்றாகவே வருகின்றன. நான்காவது மெழுகுவர்த்திக்குக் கிடைப்பது ஒரே நாள். அன்று மாலை ஆலயத்துக்குப் புறப்படும் அவசரம் இருக்கும் என்பதால், அந்த வருடம் மட்டும் விடிவதற்கு முன் ஐந்து மணிக்கே ஏற்றிவிடலாம்.